நாற்பதுக்கு ஒன்று

மேப்பிள் சிரப் சாப்பிட்டிருக்கிறீர்களா? வட அமெரிக்காவில் பான்கேக் மேல் ஊற்றித் தருவார்களே, அந்தப் பழுப்புப் பாகு! மேப்பிள் மரத்தில் துளை போட்டால் வடிவது கிட்டத்தட்ட தண்ணீர்தான். சர்க்கரை சுமார் 2 சதவிகிதம். 40 லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு! ஆகவே, இந்தத் தொழிலின் சரித்திரம் என்பது பாத்திரங்களின் சரித்திரம்.

பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டைத் தொட்டியில் சாறு பிடித்து, பழுக்கச் சுட்ட கற்களை உள்ளே போட்டுக் கொதிக்கவைத்தார்கள். ராத்திரி உறையவிட்டு, காலையில் ஐஸை எடுத்து எறிவதும் உண்டு. ஐஸில் போவது பெரும்பாலும் தண்ணீர். இனிப்பு கீழே தங்கிவிடும். செலவில்லாத விஞ்ஞானம்!

ஐரோப்பியர்கள் இரும்புக் கொப்பரையோடு வந்தார்கள். விறகைத் தின்றது, பாகும் கறுத்தது. 19-ம் நூற்றாண்டில் அகலமான தட்டைப் பாத்திரம் வந்தது. பரப்பு அதிகம், ஆவி சீக்கிரம் போகும். கொல்லையில் காய்ச்சுகிறவருக்கு இன்றும் இதுதான் சரி.

படுமோசமான தேர்வு? ஈயம் பூசிய வாளி! நம் ரசச் சொம்பின் வெள்ளீயம் மட்டுமல்ல. விஷமான காரீயமும் கலந்த பூச்சு. பாத்திரங்களின் பற்றவைப்பிலும் காரீயம். சாறு லேசான அமிலம், அதைக் கரைத்துக்கொள்ளும். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும். காரீயம் எங்கே போகும்? பாகிலேயே சேரும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்க! 1990-களில்தான் இதைத் தீவிரமாக ஒழிக்கத் தொடங்கினார்கள். இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பழைய வாளி அழகுதான். பூச்செடி வைக்கலாம். பாகு மட்டும் வேண்டாமே!