நான்கு நாள் பள்ளி வாரம்

வாரத்தில் நான்கு நாள் மட்டும் வகுப்பு நடத்தும் ஏற்பாடு. அமெரிக்கக் கிராமப்புறங்களில் மிகுதி. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் பள்ளிப் பேருந்து எரிபொருளையும் கட்டடங்களைச் சூடேற்றும் செலவையும் மிச்சம்பிடிக்கப் பல பள்ளிகள் இதற்கு மாறின. சம்பளச் செலவு அதிகம் குறையாததால் மிச்சம் சொற்பமே. ஆசிரியர்களைத் தக்கவைப்பதே இன்று சொல்லப்படும் முக்கியக் காரணம். கொலராடோவில் பாதிக்கு மேற்பட்ட கல்வி மாவட்டங்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் பள்ளி நேரம் நீளும். கடைசிப் பாடவேளையில் சிறு பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். அன்றாடம் பள்ளி உணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு வெள்ளி மதியம் அதுவும் இல்லை. ஓரிகன் மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர் பால் தாம்சன், கணக்கு, வாசிப்பு இரண்டிலும் மதிப்பெண் சற்றே சரிந்ததை 2021இல் வெளியான ஆய்வில் காட்டினார். வாரத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் கற்பித்தல் குறைந்ததை அவர் முக்கியக் காரணமாகக் கருதினார்.