விபிஎஸ், டெடிகேட்டட் சர்வர்: தேர்வு

ஹைப்பர்வைசர் மென்பொருளால் ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் தனி இயங்குதளத்தை ஓட்டுவது விபிஎஸ். ஐபிஎம் 1972-இல் அறிவித்த விஎம்/370 இதன் முன்னோடிகளுள் ஒன்று. லினக்ஸ் கெர்னலில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது 2007-இல். டெடிகேட்டட் சர்வரில் முழு இயந்திரமும் ஒருவருக்கே.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் வேன் அல்லது அறை முன்பதிவுத் தளம் நடத்துபவருக்கு நெரிசல் ஆடிக்கிருத்திகையை ஒட்டிய சில நாள்களே. அப்போது மட்டும் நினைவகத்தையும் கோர்களையும் கூட்டிக்கொள்ள விபிஎஸ் இடம் தருகிறது. மறுதொடக்கம் ஒன்று போதும். ஆண்டு முழுவதற்கும் தனி இயந்திரத்துக்கு வாடகை கட்டுவது வீண்செலவு.

விபிஎஸ்ஸின் உண்மையான குறை அண்டைப் பயனரின் சுமை. லினக்ஸின் ‘டாப்’ கட்டளையில் ‘எஸ்டி’ எண் தொடர்ந்து உயர்ந்திருந்தால், நமக்குரிய சிபியு நேரம் வேறெங்கோ போகிறது. இடைவிடாமல் எழுதும் பெரிய தரவுத்தளம், வீடியோ மாற்றம் போன்றவற்றுக்கு டெடிகேட்டட் சர்வரே தகும். இரண்டிலும் காப்புப்பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும்.