ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு கோயில்: லாரி பேக்கரும் கத்தோலிக்கத் திருச்சபையும்

லாரி பேக்கர் என்றதும் நமக்கு நினைவு வருவது காந்தியும் ஏழைகளின் வீடுகளும். 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டாற்றி, ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்து, 1945-இல் தொழுநோயாளர் மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தவர் அவர். 1989-இல் இந்தியக் குடிமகனானார். 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். கட்டும் இடத்துக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு எழ வேண்டும் என்ற காந்தியின் கருத்தைத் தன் தொழிலுக்கே அடித்தளமாக்கிக்கொண்டார். இந்த வரலாற்றில் பிழையில்லை. ஆனால் ஒரு தரப்புக்கு உரிய இடம் இதில் கிடைப்பதில்லை. சிக்கனக் கட்டடம் என்பது சிறு வீட்டுக்கு மட்டும் ஆகிவரும் கைவேலை அன்று, ஆயிரம் பேர் கூடும் பொதுக்கட்டடத்தையும் அதனால் தாங்க முடியும் என்று பேக்கர் மெய்ப்பித்தது கத்தோலிக்கத் திருச்சபை தந்த வேலைகளில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருச்சபை அதுவரை கட்டிவந்ததை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். 1896-இல் முடிந்த சாந்தோம் பேராலயம், புதுச்சேரியின் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, திருச்சியின் லூர்து அன்னை ஆலயம் மூன்றுமே ஐரோப்பிய கோதிக் பாணியைச் சார்ந்தவை. வானை முட்டும் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் இருந்தால்தான் கோயில் என்று மக்களும் நம்பினார்கள். பேக்கரோ கேரளம் வருமுன் இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில், மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் பதினாறு ஆண்டு வாழ்ந்து, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு உள்ளூர்க்காரர் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தார். 1963-இல் கேரளத்து வாகமண்ணுக்கும் பிறகு திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்த அவரைச் சரியாக இனங்கண்டவர்களில் முதன்மையானவர் மலங்கரைக் கத்தோலிக்கப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ். குறைந்த செலவில் ஏழைகளுக்கு வீடு கட்ட அவர் தந்த வாய்ப்பிலிருந்துதான் நகரத்தில் பேக்கரின் பெயர் பரவியது.

பெரிய சோதனை திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில், இயேசு சபையாரின் லயோலா வளாகத்தில் வந்தது (1970–71). பள்ளிக்கும் பட்டமேற்படிப்பு நிறுவனத்துக்கும் பொதுவாக, ஆயிரம் பேர் அமரும் சிற்றாலயமும் கலையரங்கமும் வேண்டும். முதலில் போட்ட திட்டத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கையில் இருந்த நன்கொடை 1.75 லட்சம். உயரமான செங்கல் சுவர் காற்றின் பக்கவாட்டு விசைக்கு ஆடும். காங்கிரீட் தூணும் இரும்புக் கம்பியும் கொடுப்பது வழக்கமான பரிகாரம். பேக்கர் இரண்டையும் தவிர்த்தார். அகலமான இடைவெளி விட்டு இரண்டு சுவர்களை எழுப்பி, நடுவே செங்கல்லையே குறுக்குக் கட்டாகக் கொடுத்துப் பிணைத்தார். இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த சுவரின் உறுதியைத் தருகின்றன. செங்கல்லோ அந்த அளவுக்குச் செலவாவதில்லை. இரு சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை ஜாலி எனப்படும் சல்லடைத் துளைகள். காற்று தடையின்றி நுழைகிறது. வெயிலின் கூசும் வெளிச்சம் சுவரிடையிலேயே தணிந்து, மென்மையாக உள்ளே இறங்குகிறது. விளக்கு, இருக்கை, ஒலியமைப்பு உட்பட அந்த 1.75 லட்சத்துக்குள் வேலை முடிந்தது. கோதிக் ஆலயம் வண்ணக் கண்ணாடியால் உண்டாக்கிய பக்திச் சூழலை இங்கே செங்கல்லுக்கு இடையே விட்ட சந்துகள் உண்டாக்குகின்றன. இந்தியத் தேவாலயக் கட்டடக் கலையில் இதற்கு இணையான திருப்பம் வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை.

பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முன்னின்று அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் 1971-இல்தானே தொடங்கியது, அது இதைவிடப் பெரிதல்லவா என்று கேட்கலாம். பரப்பில் பெரிதுதான். ஆனால் பல கட்டடங்களாகப் பிரித்துக் கட்டும் வளாகம் வேறு, ஒரே கூரையின் கீழ் பெருங்கூட்டத்தை அமர்த்தும் கூடம் வேறு. கட்டுமானத்தின் துணிவு பின்னதில்தான் சோதிக்கப்படுகிறது. வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே குவேக்கரானவர் பேக்கர். பீடமும் சுரூபமும் இல்லாத வெறும் கூடத்தில் மௌனமாக வழிபடுவது குவேக்கர் மரபு. அந்த எளிமையைத்தான் அவர் கட்டினார், கத்தோலிக்கம் வெறும் வாடிக்கையாளர் என்பது அந்த வாதம். எளிமை அவருடையதுதான். ஆனால் அதை ஏற்கும் மனம் திருச்சபைக்கு வாய்த்ததற்குக் காரணம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பரில் வந்த அதன் வழிபாட்டு ஏடு, ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாடவும், மக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்க ஏற்றவாறு ஆலயங்களைக் கட்டவும் சொன்னது. பத்தாண்டுக்குப் பின் திருவல்லாவில் பேக்கர் எழுப்பிய புனித யோவான் பேராலயம் (1973–74) அதற்குச் செயல்வடிவம்: நீண்ட நடுக்கூடத்துக்குப் பதில் கேரளக் கோயில்களை நினைவூட்டும் வட்ட வடிவம். ஒரு குவேக்கரின் பழக்கமும் ஒரு சங்கத்தின் தீர்மானமும் அங்கே சந்தித்துக்கொண்டன.

இவ்வளவு சிறந்த முறை ஏன் பரவவில்லை என்ற கேள்வி எஞ்சுகிறது. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கல் போன்ற சென்னைப் புறநகரில் இன்று பள்ளியோ கோயிலோ எழும்போது, காங்கிரீட் தூணும் உத்தரமும் நிறுத்தி, இடைவெளியைச் செங்கல்லாலோ பிளாக்காலோ அடைத்து, மேலே பூசிவிடுவதுதான் நடைமுறை. கொத்தனார் கூலி ஏறிவிட்டது, பூசாத செங்கல்லை நேர்த்தியாக அடுக்க ஆள் இல்லை என்கிறார்கள். அது உண்மையே. ஆனால் பணம் சிமென்ட் ஆலைக்கும் இரும்பு ஆலைக்கும் போவதைவிட உள்ளூர்த் தொழிலாளியின் கையில் சேர வேண்டும் என்பதே பேக்கரின் கணக்கு. கூலியின் பங்கு கூடுவதை அவர் குறையாக எண்ணியதே இல்லை. செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் டிராப் முறை மட்டுமே ஏறத்தாழ கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும்; அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். சென்னை வெயிலில் வகுப்பறைக்கு வேறென்ன வேண்டும்? உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒப்பந்தக்காரரை நம்பாமல் தானே களத்தில் நின்று, கட்டக் கட்டத் திட்டத்தை மாற்றி, கிடைத்த காகிதத்தில் வரைந்து கொத்தனாரிடம் கொடுத்து வேலை வாங்கியவர் பேக்கர். அதற்கு இடங்கொடுக்க, முழு வரைபடமும் விலைப்புள்ளியும் முன்கூட்டியே கேட்காத புரவலர் தேவை. 1970-இல் ஒரு பேராயரும் இயேசு சபையாரும் அந்த நம்பிக்கையை வைத்தார்கள். டெண்டர் வழியே நடக்கும் இன்றைய பள்ளிக் கட்டுமானத்தில் அப்படியொரு நம்பிக்கைக்கு இடமே இல்லை.