வாசிக்கும் மங்கையும் விலகிய திரையும்

மாதர் கல்வியின் வரலாற்றை ஏடுகளில் மட்டுமே தேடவேண்டுமென்பதில்லை. ஓவியங்களிலும் அதன் சுவடுகளை நாம் காணலாம்.

யேர்மனியின் ட்ரெஸ்டன் நகரக் கலைக்கூடத்திலே ஒல்லாந்த ஓவியர் வெர்மீர் தீட்டிய சித்திரமொன்று உளது. 1657ஆம் ஆண்டிற்கும் 1659ஆம் ஆண்டிற்கும் இடையில் அது தீட்டப்பெற்றதென்பர். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து நம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டும் அக்காலத்ததே. திறந்த சாளரத்தருகே ஓர் இளமங்கை நின்று கடிதமொன்றை வாசிக்கின்றாள். முன்புறத்தே பச்சைத் திரையொன்று ஒருபால் ஒதுங்கியிருக்கின்றது. அவளருகே எவருமில்லை, பிறர் வாசித்துக் காட்டவேண்டிய நிலையும் அவளுக்கில்லை.

இஃது ஓவியரின் வெறுங் கற்பனையன்று. ஆம்ஸ்டர்டாம் நகர விவாகப் பதிவேடுகளிலே 1630ஆம் ஆண்டளவில் மணமகளிருள் நூற்றுக்கு 32 பேர் தம் பெயரைக் கையொப்பமிட்டனர். 1680ஆம் ஆண்டளவில் அத்தொகை 44 ஆயிற்று. மணமகன்மாருள் அத்தொகை முறையே 57, 70 ஆகும். பெண்கள் பின்தங்கியே நின்றனர், எனினும் முன்னேறினர்.

கடிதம் வாசிக்கக் கற்ற பெண்ணுக்கு உயர்கல்வியின் வாயில் திறந்ததா? 1636இல் ஊட்ரெக்ட் சர்வகலாசாலை தொடங்கியபோது, பன்மொழிப் புலமை வாய்ந்த அன்னா மரியா வான் ஷூர்மன் என்னும் அம்மையார் அங்கு விரிவுரை கேட்க இடம்பெற்றார். ஆனால், ஆண் மாணவர் கண்ணிற் படாதவாறு ஒரு மறைப்பின் பின்னே அமர்ந்தே அவர் கேட்கவேண்டியிருந்தது. கல்வி பெண்ணுக்குந் தகும் என வாதிட்டு, 1641இல் இலத்தீன் மொழியில் ஒரு நூலும் வெளியிட்டார்.

சித்திரத்திலே விலகிய திரை சர்வகலாசாலையிலே விலக 200 ஆண்டுகளுக்கு மேலாயின. 1871இல் குரோனிங்கன் சர்வகலாசாலையில் அனுமதி பெற்ற அலெட்டா ஜேக்கப்ஸ் அம்மையார், 1879இல் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நம் நாட்டிலும் இத்தகைய திரை இருந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென மருதனார்மடத்தில் கல்லூரி நிறுவியதும் அதனை விலக்கவேயாம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எழுத்தறிவைத் தந்துவிட்டு, அதற்கப்பால் வேண்டாமென்று தடுப்பது அரைக் கொடையே. “பெண்ணுக்கு இவ்வளவு படிப்புப் போதும்” என்னுஞ் சொல்லும் ஒரு திரையே. அச்சொல் நம் இல்லங்களில் எழும்போது, தங்கையின் பக்கமாக நின்று அத்திரையை விலக்குதல் இளைஞராகிய நம் கடன்.