மூடுபனியும் மறைந்த கோபுரங்களும்

முதல்நூல் பெற்ற புகழ் வழிநூலுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. முன்னதன் நெறியில் நின்றாக வேண்டும். அதே வேளையில் தனக்கென ஒரு வேறுபாட்டையும் காட்டியாக வேண்டும். இலக்கண நூலார் வழிநூலுக்கு வகுத்த இந்த விதி, திரையில் ஆடப்படும் வீடியோ விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதை ஸ்பைடர்மேன் விளையாட்டுகள் இரண்டின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த இச்சித்திரக்கதை நாயகனை, 2000-ஆம் ஆண்டு நெவர்சாஃப்ட் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கான முப்பரிமாண விளையாட்டாக்கியது, ஆக்டிவிஷன் வெளியிட்டது. ஸ்கேட்டிங் விளையாட்டான டோனி ஹாக்கின் மென்பொருள் அடித்தளத்தின் மீதே இதுவும் எழுப்பப்பட்டது. பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். நியூயார்க்கின் வானுயர்ந்த மாடங்களையும் அவற்றின் அடியில் ஓடும் தெருக்களையும் ஒருங்கே காட்ட அது போதாது.

இந்த வறுமையைக் கதையே ஏற்றுக்கொண்டதுதான் அவ்விளையாட்டின் சிறப்பு. டாக்டர் ஆக்டோபஸ் பரப்பிய நச்சுப்புகை நகரைச் சூழ்ந்திருக்கிறது. நாயகன் மாடிக்கு மாடி தாவலாமேயன்றித் தெருவில் இறங்க இயலாது. கருவியின் குறை இவ்வாறு கதையின் அச்சமாக மாறிற்று. கதைப்பின்னலும் அதற்கு இசைந்தே அமைந்தது. செய்யாத குற்றம் சுமத்தப்பட்ட நாயகனைக் காவல்துறை துரத்துகிறது. மேரி ஜேனைக் கடத்திச் சென்ற வெனம், பின்னர் அவனுக்கே துணைவனாகிறான். இறுதியில் கார்னேஜின் உயிர்ப்பொருளோடு ஒன்றிவிட்ட ஆக்டோபஸ், ஒடுங்கிய வழிகளில் நாயகனை விரட்டும் காட்சி, ஆடியோர் நெஞ்சை விட்டு இன்றும் அகலாதது.

மறு ஆண்டே தொடர்ச்சி வந்தது. 'எண்டர் எலெக்ட்ரோ' என்ற அதனை உருவாக்கியது நெவர்சாஃப்ட் அன்று. விகாரியஸ் விஷன்ஸ் என்னும் வேறொரு நிறுவனம். பிளேஸ்டேஷன் 2 கடைகளுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆன பின்னும், இது பழைய கருவிக்கென்றே அமைந்தது. சில கட்டங்களில் தெருவில் இறங்கி நடக்க முடிந்தது, மூடுபனி விலகிற்று. ஆனால் பனியோடு அச்சமும் விலகியதே! தன் ஆற்றலைப் பெருக்கும் கருவி ஒன்றை நாடும் எலெக்ட்ரோ, அவன் வழியில் ஷாக்கர், லிஸார்ட், சாண்ட்மேன் என வரிசையாக வரும் பகைவர்கள்: இவர்களுள் வெனத்தைப் போல மாறி நிற்பவர் எவருமிலர். முன்னதன் உடலை அப்படியே பெற்ற வழிநூல், அதன் உயிரைப் பெறவில்லை. மதிப்புரையாளர்களும் முன்னதற்குத் தந்த வரவேற்பை இதற்குத் தரவில்லை.

இந்தச் சராசரி விளையாட்டை வரலாற்றில் நிறுத்தியது வேறொன்று. 2001 செப்டம்பரில் வெளியாகவிருந்த இதன் இறுதிப் போர், உலக வர்த்தக மையத்தை ஒத்த இரட்டைக் கோபுரங்களின் உச்சியில் அமைக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 11 அன்று அக்கோபுரங்கள் வீழ்ந்தன. வெளியீடு தள்ளிப்போயிற்று, கட்டடங்களின் தோற்றம் மாற்றப்பட்டு, அக்டோபரில் விளையாட்டு வந்தது. அதே நாட்களில், இரட்டைக் கோபுரங்களுக்கிடையே பின்னிய வலையில் ஹெலிகாப்டர் சிக்கும் ஸ்பைடர்மேன் திரைப்பட முன்னோட்டமும் திரும்பப் பெறப்பட்டது.

அம்மாற்றத்தைக் குறை கூற இயலாது. துயருற்ற நகரின் முன் அதனினும் தகுந்த செயல் வேறில்லை. தொடர்ச்சியின் தாழ்வுக்கு அதனைக் காரணமாக்குவதும் முறையன்று. அதன் மெலிவு அப்பேரழிவுக்கு முன்பே கதையில் இருந்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் மார்வெல் வெளியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 36-ஆம் இதழ், கருநிற அட்டையுடன் வந்து, இடிபாடுகளின் நடுவே கையற்று நிற்கும் நாயகனைக் காட்டியதை இங்கு எண்ணிப் பார்க்கிறோம். சித்திரக்கதை அத்துயரைப் பேசிற்று. ஏற்கெனவே முடிந்துவிட்ட விளையாட்டால் அழிக்க மட்டுமே முடிந்தது.

நகரம் முழுவதையும் தெருவோடு திறந்துவிடும் கனவு, 2004-இல் டிரெயார்க் நிறுவனத்தின் 'ஸ்பைடர்மேன் 2'-இல் கைகூடிற்று. அதில் நாயகனின் வலை வெட்டவெளியில் தொங்காமல், உண்மையான கட்டடங்களைப் பற்றிக்கொண்டது. இடையில் வந்த 'எண்டர் எலெக்ட்ரோ'வை இன்று ஆடுவோர் சிலரே. அதனைப் பழுதுபட்ட வழிநூல் என்று ஒதுக்கிவிடலாம். எனினும் ஒரு காலத்தின் காயம் அதில் பதிந்திருக்கிறது. அங்கே இருக்கும் கட்டடங்களைவிட, இல்லாமற்போன கோபுரங்களே நம்மிடம் மிகுதியாகப் பேசுகின்றன.