வாயா, காற்றுப்பையா? ஜோனியஸ் பேரினத்தின் எல்லையும் புத்தளக் கரையின் கத்தாளைகளும்

கத்தாளைக் குடும்பத்தின் ஜோனியஸ் பேரினம் ஒன்றா, இரண்டா என்ற வழக்கில் இரு தரப்பினரும் திரும்பிச் செல்லும் மூலம், ஆர். எஸ். லால் மோகன் 1972இல் வெளியிட்ட இந்தியக் கத்தாளைப் பேரினங்களின் தொகுப்புரை. வாய் முகத்தின் அடிப்புறத்தில் ஒடுங்கிய இனங்கள் அதில் ஜோனியஸில் நின்றன. வாய் முன்முனையை எட்டும் இனங்கள் ஜோனியோப்ஸ் என்ற புதிய பேரினத்துக்குச் சென்றன. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் மீன் பட்டியல் எழுதியோரில் ஒரு சாரார் இந்தப் பிரிப்பை இன்னும் கைவிடவில்லை. அந்தத் தொகுப்புரையில் பொதிந்துள்ள உடற்கூற்றுச் சான்றே ஜோனியோப்ஸைத் தாங்காது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோதிக்கப் புத்தளம் மாவட்டக் கரை பொருத்தமான இடம். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, வடக்கே டச்சுக் குடாவும் போர்த்துக்கல் குடாவும். கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பிலும், தெதுறு ஓயா சிலாபத்தை ஒட்டியும் நன்னீரையும் வண்டலையும் சேர்க்கின்றன. சேற்று அடித்தளத்தை நாடும் கத்தாளைகளுக்கு இது ஏற்ற நிலம். அடிவாய் கொண்ட ஜோனியஸ் கருட்டாவும், ஜோனியோப்ஸில் சேர்க்கப்பட்ட டுசுமியேரியும் இலங்கைக் கடலுக்கு உரியவையாகப் பதிவானவை. மன்னாரென்சிஸ் என்ற இனத்தை 1969இல் விவரித்தவரும் லால் மோகனே. இந்த வளைகுடாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆகவே பேரின எல்லை எங்கே விழுகிறது என்பது இக்கரையின் பட்டியலை நேராகவே மாற்றும்.

தொகுப்புரையின் வலு, வெளித்தோற்றத்தோடு நில்லாமல் காற்றுப்பையையும் செவிக்கல்லையும் கணக்கில் எடுத்ததில் இருக்கிறது. 1963இல் சீனக் கத்தாளைகளைப் பற்றி வந்த பெருநூல் காட்டிய வழி அது. மீனவர் நெட்டி என்று அழைக்கும் காற்றுப்பை, ஜோனியஸில் முன்புறம் இரு பக்கமும் விரிந்து சுத்தியல் வடிவம் கொள்கிறது. அதன் பக்கங்களில் மரக்கிளைபோல் பிரியும் சோடிக் கிளைகள் உண்டு. முதற்சோடி தலைக்குள் புகுகிறது. செவிக்கல்லின் மேல் தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் வால் பகுதி ஆழ்ந்து கூம்புக் குழியாகிறது. ஜோனியோப்ஸ் என்று பிரிக்கப்பட்ட மீன்களிலும் இதே சுத்தியலும் இதே குழியுமே காணப்படுகின்றன. எனவே பிரிப்பின் சுமை பெரும்பாலும் வாயின் அமைவு மீதே விழுகிறது.

அந்தச் சுமையை வாய் தாங்குமா? கருட்டாவின் வாய் தெளிவாக அடிப்புறமானது. டுசுமியேரியில் அது முனையை நெருங்குகிறது. போர்னியென்சிஸில் பெரிதாகி, முனைக்குச் சற்றே கீழே நிற்கிறது. இவற்றுக்கிடையே வெட்டிப் பிரிக்கத்தக்க இடைவெளி இல்லை. கோடு எங்கு இழுக்கப்பட்டாலும் அது தொடர்ச்சியின் நடுவிலேயே விழும். மேலும் வாயின் அமைவு இரையைப் பின்பற்றுவது. சேற்றைத் துழாவிப் புழு தின்னும் மீனுக்கு அடிவாயும், இறாலையும் சிறு மீனையும் துரத்தும் மீனுக்கு முன்வாயும் உதவுகின்றன. அமெரிக்கக் கரைகளின் மென்டிசிர்ரஸ் பேரினமும் அடிவாய் கொண்டதே. அதை ஜோனியஸின் நெருங்கிய உறவாக யாரும் கொள்வதில்லை. குடும்பத்தின் தொலைவான கிளைகளில் தனித்தனியே தோன்றக்கூடிய பண்பு, உறவுக்கு நல்ல சாட்சியாக இருப்பது அரிது.

பேரினத்தின் பிறப்பே இதே எச்சரிக்கையைத் தருகிறது. பெர்லினில் மார்க்கஸ் எலியேசர் புளொக் 1793இல் ஜோனியஸை நிறுவியபோது கருட்டா, ஏனியஸ் என்ற இரு இனங்களை அதில் வைத்தார். தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு மீன்களை அனுப்பிவந்த மறைப்பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜோனின் பெயரே பேரினப் பெயரானது. வெளித்தோற்றத்தை நம்பி நடந்த அந்தச் சேர்க்கை நிலைக்கவில்லை. ஏனியஸ் இன்று பென்னாகியா பேரினத்தைச் சேர்ந்தது. அதன் காற்றுப்பை கரட் வடிவானது. அதில் சுத்தியல் இல்லை, தலைக்குள் புகும் கிளையும் இல்லை. ஆனால் அதன் வாய் முன்முனையில் இருக்கிறது. வாயை மட்டும் அளவுகோலாக்கினால் இம்மீன் ஜோனியோப்ஸின் அருகில் வந்துவிடும். உள்ளுறுப்பைத் திறந்து பார்த்தால் அந்த நெருக்கம் மறைந்துவிடும்.

எத்தல்வின் ட்ரெவாவஸ் 1977இல் இந்தோ–மேற்குப் பசிபிக் கத்தாளைகளை மறுஆய்வு செய்தபோது ஜோனியோப்ஸைத் துணைப்பேரினமாகத் தாழ்த்தினார். இதை நடுநிலைத் தீர்வாகப் பலர் ஏற்றனர். ஆயினும் துணைப்பேரினமும் ஓர் உறவுக்குழுவைக் குறிக்க வேண்டும். தொடர்ச்சியாக மாறும் ஒற்றைப் பண்பு அத்தகைய குழுவைக் காட்டவில்லை என்றால், பெயரின் படிநிலையை இறக்குவதால் குறை நீங்காது.

காற்றுப்பையும் ஒலியெழுப்பும் வாழ்க்கைக்கு ஏற்ப மாறக்கூடியதே, அதற்கு மட்டும் ஏன் தனி மதிப்பு என்று கேட்கலாம். இது கவனிக்கத்தக்க கேள்வி. மென்டிசிர்ரஸின் முதிர்ந்த மீன்களில் காற்றுப்பையே குன்றிவிடுவது இதற்குத் துணை நிற்கிறது. ஆனால் ஓர் உறுப்பை இழப்பது வேறு, சிக்கலான அமைப்பொன்று பல இனங்களில் ஒரேமாதிரி நிலைப்பது வேறு. ஜோனியஸில் காற்றுப்பையும் செவிக்கல்லும் ஒரே எல்லையைக் காட்டுகின்றன. இரு வேறு உறுப்புகளின் இந்த ஒப்புதல் வாய்க்குக் கிடைக்கவில்லை. சசாகி 1989இல் குடும்பம் முழுவதற்கும் வரைந்த உறவுமுறையிலும் இவ்வுறுப்புகள் இடம்பெற்றன. சந்தையில் வயிற்றைக் கீறிப் பார்க்க முடியாது என்ற மறுப்பு வசதியைப் பற்றியது. உறவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இதன் விளைவாகப் புத்தளக் கரைப் பட்டியலில் டுசுமியேரி, போர்னியென்சிஸ் போன்றவை ஜோனியஸ் என்ற ஒரே பேரினப் பெயரின் கீழ் வர வேண்டும். ஜோனியோப்ஸ் பழைய ஏடுகளை வாசிக்க உதவும் ஒத்தபெயராக மட்டும் நிற்கலாம். இன மட்டத்தில் வாயின் அமைவு தொடர்ந்து பயன்படும். ஓரினத்தை அடுத்ததிலிருந்து பிரிக்க அது நல்ல அடையாளம். பேரினத்தைத் தீர்மானிக்கும்போது மாதிரி மீனின் காற்றுப்பையும் செவிக்கல்லும் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத பதிவைக் குடும்பப் பெயரோடு நிறுத்துவதே முறை.