நீர்க்கட்டியும் பெரியப்பாவின் வழுக்கையும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆளு. இது வரலாற்றுப் பதிவு மட்டுமே, மருந்துச்சீட்டு கிடையாது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் திருமுருகன்பூண்டி. அவிநாசியில இருந்து திருப்பூர் போற வழியில, கல்லுல சாமி சிலை செதுக்கற உளிச்சத்தம் கேட்டா எறங்கிக்கலாம், அதான் எங்க ஊர்.

பெரியப்பா பொண்ணு (எனக்கு அக்கா) பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். கல்யாணமாகி நாலு வருஷம். மாசக் கணக்கு சரியா வர்றதில்லைன்னு ஸ்கேன் எடுத்ததுல 'நீர்க்கட்டி'ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதான், பி.சி.ஓ.எஸ். அவ மாமியார் நேரா வீட்டுக்கு வந்து பெரியம்மாகிட்ட கேட்டாங்க: "ஏனுங்க, உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்களா? இதெல்லாம் அம்மா வழியிலதானுங்க வரும்?"

பெரியம்மா ஒண்ணும் பேசலை. அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. பெரியப்பா திண்ணையில பேப்பர் படிச்சுட்டு இருந்தார். அவரை யாரும் ஒரு கேள்வியும் கேக்கலை.

எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. 'அம்மா வழி'ன்னு எவன் கண்டுபிடிச்சான்? பெங்களூர் திரும்பினதும் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சது இது.

1721-லேயே இத்தாலிக்காரர் அந்தோனியோ வல்லிஸ்னேரி, குழந்தை இல்லாத ஒரு இளம் குடியானவப் பெண்ணைப் பத்தி எழுதி வச்சிருக்கார். சினைப்பைகள் பெருசா, மேடும் பள்ளமுமா, வெள்ளையா பளபளன்னு இருந்துச்சாம். ஆனா அதை யாரும் நோயாக் கணக்குல எடுத்துக்கலை.

1935-ல சிகாகோவில் இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவந்தால்னு ரெண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. மாதவிடாய் ஒழுங்கில்லை, சினைப்பை வீங்கியிருக்கு. ரெண்டு பக்கமும் சினைப்பையில ஒரு பகுதியை வெட்டி எடுத்தாங்க. ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பி வந்துச்சு, ரெண்டு பேர் கர்ப்பமானாங்க. ரொம்ப வருஷத்துக்கு இந்த நோய்க்குப் பேரே 'ஸ்டெயின்-லெவந்தால் சிண்ட்ரோம்'தான்.

இங்க ஒண்ணு சொல்லணும். 'கட்டி'ங்கிற வார்த்தையே தப்பு. மாசாமாசம் சினைப்பையில பல முட்டைப்பைகள் வளர ஆரம்பிக்கும், அதுல ஒண்ணு முழுசா வளர்ந்து முட்டையை வெளிய விடும். பி.சி.ஓ.எஸ்.ல அதுங்க பாதியிலேயே நின்னுடுது. ஸ்கேன்ல தெரியற வட்ட வட்டமான புள்ளியெல்லாம் அப்படி நின்னுபோன பைகள்தான். ஆண்ட்ரோஜன் (எல்லாப் பெண்ணுக்கும் கொஞ்சம் உண்டு) கூடிப்போறது, இன்சுலின் சரியா வேலை செய்யாததுன்னு பிரச்சினையோட வேர் வேற இடத்துல இருக்கு. ஆனா பேரு சினைப்பை மேல விழுந்துடுச்சு, பழியும் அங்கேயே விழுந்துடுச்சு. பேரை மாத்துங்கப்பான்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழுவே 2012-ல சொல்லிடுச்சு.

சரி, பரம்பரைக்கு வருவோம்.

1968-ல தான் முதல்முதலா குடும்பங்களை உட்கார வச்சு ஆராய்ஞ்சாங்க. அக்கா தங்கச்சிகளுக்கும் இது வருதுன்னு தெரிஞ்சுது. ஒரே ஒரு மரபணு, அதுவும் யார்கிட்ட இருந்து வந்தாலும் போதும்ங்கிற மாதிரி தோணுதுன்னு எழுதினாங்க. 1998-ல அமெரிக்க ஆய்வு ஒண்ணு, பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களோட சகோதரிகள்ல 22 சதவீதம் பேருக்கு அதே நோய், இன்னொரு 24 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கா இருந்தும் ஆண்ட்ரோஜன் அதிகம்னு சொல்லுச்சு. 2006-ல நெதர்லாந்து இரட்டையர்கள்கிட்ட பண்ணின ஆய்வுல, இந்த நோய் வர்ற வாய்ப்புல இருக்கிற வித்தியாசத்துல 70 சதவீதத்துக்கும் மேல மரபணு காரணம்னு வந்துச்சு.

ஆக பரம்பரை உண்மை. மாமியார் பாதி ரைட்டு. ஆனா எந்த வழி?

இங்கதான் எனக்குப் பிடிச்ச கட்டம். 1993-ல இங்கிலாந்துல ஒரு குழு, இந்தப் பெண்களோட குடும்பத்து ஆம்பளைங்களையும் பார்த்தாங்க. அவங்களுக்குச் சினைப்பை கிடையாதே, மரபணு இருந்தா எப்படித் தெரியும்? சின்ன வயசுலேயே விழற வழுக்கை! ஒரே மரபணு பெண்கிட்ட இப்படியும், ஆண்கிட்ட வழுக்கையாவும் வருதுன்னு ஒரு வாதம் வச்சாங்க. 2002-ல அண்ணன் தம்பிகளோட ரத்தத்தை எடுத்துப் பார்த்தா, அவங்களுக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒண்ணு கூடுதலா இருந்துச்சு.

'ஒரே மரபணு' கதை நிக்கலை. 1999-ல 150 குடும்பங்கள்ல 37 மரபணுக்களைச் சந்தேகக் கேஸா எடுத்து விசாரிச்சாங்க. ஒண்ணு மட்டும் மாட்டின மாதிரி இருந்துச்சு. இன்னும் நிறைய குடும்பங்களைச் சேர்த்ததும் அதுவும் பலமிழந்து போச்சு. பிழை இந்த ஒரு வரியிலதான்னு அடிச்சுச் சொல்லி, திருத்தினப்புறமும் புரோகிராம் அப்படியே நிக்குமே, அந்தக் கதை. நம்ம தொழில் ஆளுங்களுக்குப் புரியும் :-)

நம்ம பக்கத்துலயும் நடந்திருக்கு. ஆண்ட்ரோஜனை வாங்கிக்கற புரதத்தோட மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அதுல சில எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வர்ற நீளத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டான்னு, ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் ஈரோட்டு டாக்டர்களும் சேர்ந்து நோயுள்ள 250 பேரையும் நோயில்லாத 299 பேரையும் ஒப்பிட்டாங்க. 2013-ல முடிவு வந்துச்சு: வித்தியாசம் இல்லை. 'இல்லை'ங்கறதும் ஒரு பதில்தானே.

கதவு திறந்தது 2011-ல. சீனாவுல ஒரு குழு ஒவ்வொரு மரபணுவா சந்தேகப்படறதை விட்டுட்டு, மொத்த மரபணுத் தொகுதியையும் சல்லடை போட்டாங்க. மூணு இடம் சிக்குச்சு. அதுல ஒரு மரபணுவோட பேரு 'தாடா'. சத்தியமா! அடுத்த வருஷமே எண்ணிக்கை 11 ஆச்சு. 2018-ல ஐரோப்பிய வம்சாவளியில 10,074 நோயாளிகளையும் நோயில்லாத 1,03,164 பேரையும் ஒப்பிட்டதுல 14 இடங்கள். ஒவ்வொண்ணும் தர்றது துளித்துளி பங்குதான். அப்புறம், அதே ஆய்வுல ஆண்களோட வழுக்கைக்கும் பி.சி.ஓ.எஸ்.க்கும் மரபணுத் தொடர்பு தென்பட்டுச்சு. 25 வருஷம் கழிச்சு அந்த 1993 ஆளுங்க பாதி ஜெயிச்சுட்டாங்க!

நியாயமா இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த நோய் உள்ள அம்மாவோட பொண்ணுங்களுக்கு வாய்ப்பு அஞ்சு மடங்குன்னு 2019-ல ஸ்வீடன் ஆய்வு சொல்லுது. கர்ப்பத்துல குழந்தையைச் சுத்தி இருக்கிற ஹார்மோனுக்கும் பங்கு இருக்கலாம்னு எலிகள்ல பார்த்திருக்காங்க. ஆனா அந்த 14 இடங்கள்ல எதுவுமே அம்மாவுக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்தது இல்லை. பொண்ணோட மரபணு பாதி அப்பாவோடது. அவருக்கு மாதவிடாய் இல்லாததால ஸ்கேன்ல மாட்டாம தப்பிச்சுக்கறார், அவ்வளவுதான். (வழுக்கை இருக்கிற எல்லா அப்பாவும் இதைக் கடத்தறார்னு அர்த்தமில்லை, ஆட்டோ அனுப்பாதீங்க.) மரபணு இருந்தா விதி முடிஞ்சுதுன்னும் இல்லை. சாப்பாடு, நடை, மருந்து எல்லாத்துக்கும் அசையற நோய்தான் இது. சிகிச்சைக்கு அப்புறம் குழந்தை பெத்தவங்க ஏராளம்.

அக்காவுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்த களைப்புலயும் சிரிச்சா. "அப்ப உன்ற நெத்தியும் பெருசாயிட்டே போகுதே, உனக்குப் பொறக்கற பொண்ணையும் பார்த்துக்கடா"ன்னா. எனக்கு இருபத்தெட்டு. பகீர்னு இருந்துச்சு. அந்தக் கேள்வி என்னை நோக்கித் திரும்பினது அதுதான் முதல் தடவை.

பெரியப்பாகிட்டயும் சொன்னேன். அவருக்கு இருபத்தஞ்சு வயசுலயே முன்பக்கம் காலி, நாப்பதுல சர்க்கரை. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, என்னையும் கேளுங்கன்னு சொல்லியிருப்பனே"ன்னார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அக்காகூட அவரும் போறாராம்.

உங்க வீட்டுல யாராச்சும் 'அம்மா வழியா?'ன்னு கேட்டா, திண்ணையில பேப்பர் படிக்கிறவரையும் ஒரு தடவை உள்ள கூப்பிடுங்க.